தேய்ந்தது எது?

பல வருஷம் கட்டிய பருத்தி வேட்டி ஒருநாள் உட்காரும் இடத்தில் கிழிகிறது. "வேட்டி போச்சு" என்று வீட்டில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். உண்மையில் போனது வேட்டியின் ஒரு பகுதிதான்; அந்தப் பகுதியிலும் ஒரே ஒரு குணம்தான், இழுத்தால் தாங்கும் வலு. நீரை உறிஞ்சும் குணம், மென்மை, சூட்டுக்கு உருகாத தன்மை, மடித்தால் காற்றைப் பிடித்துவைக்கும் நெசவு எல்லாம் இன்னும் அதில் இருக்கின்றன. சில முன்பைவிடக் கூடியும் இருக்கின்றன. பழம்பொருளை மறுபடி பயன்படுத்துவது பற்றிப் பேச ஆரம்பித்தால் பேச்சு சீக்கிரமே சிக்கனம், ஒழுக்கம், பாட்டி காலத்துப் பெருமை என்று போய்விடும். அந்தப் பக்கம் போகாமல், இதைப் பொருளறிவியலின் கேள்வியாகவே எடுத்துக்கொள்ளலாம். ஒரு பொருளில் தேய்ந்தது எது, மிஞ்சியது எது? மிஞ்சியதை மட்டும் கேட்கும் வேலைக்கு அதைக் கொடுத்தால் மறுபயன்பாடு வெல்லும். தேய்ந்துபோன குணத்தையே கேட்கும் வேலைக்குக் கொடுத்தால் தோற்கும், சில சமயம் ஆபத்தாகவும் முடியும்.

முதலில் தேய்மானம் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். பருத்தி இழை கிட்டத்தட்ட முழுவதுமே செல்லுலோஸ். குளுகோஸ் அலகுகளை ஆயிரக்கணக்கில் கோத்த நீண்ட சங்கிலி மூலக்கூறு அது. வெடித்த பஞ்சில் ஒரு சங்கிலிக்குப் பத்தாயிரம் அலகுகள் வரைகூட இருக்கும். வெளுப்புத் தூள், வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர், இஸ்திரிப் பெட்டியின் சூடு, சரியாக அலசாமல் விட்ட அமிலம் ஆகியவை இந்தச் சங்கிலியை அங்கங்கே வெட்டுகின்றன. சங்கிலி குட்டையாகக் குட்டையாக இழையின் வலு குறைகிறது. அதற்கு மேல் உராய்வு வேறு. துவைகல்லில் அடிக்கும்போதும், நாற்காலியில் நகரும்போதும், கழுத்து வியர்வையில் உரசும்போதும் நூலின் மேற்பரப்பு பிய்ந்து பஞ்சு பஞ்சாக எழுகிறது. ஆனால் இவற்றில் உராய்வு எல்லா இடத்திலும் ஒரேபோல் நடப்பதில்லை. சட்டையில் காலர் மடிப்பு முதலில் நைந்துபோகும், முதுகுத்துணி புதிதாகவே இருக்கும். படுக்கை விரிப்பில் நடுப்பகுதி கண்ணாடிபோல் ஆகிவிடும், இரண்டு ஓரமும் தடிப்பாக நிற்கும். பிரிட்டனில் 1941 ஜூன் 1 முதல் துணிக்கு ரேஷன் வந்தபோது பல வீடுகளில் விரிப்பை நடுவில் நீளவாக்கில் வெட்டி, ஓரங்கள் இரண்டையும் நடுவுக்குக் கொண்டுவந்து தைத்தார்கள். தேய்ந்த பகுதி, ஆள் படுக்காத ஓரத்துக்குப் போய்விட்டது. புதுத்துணி ஒரு முழம்கூடச் சேர்க்காமல் விரிப்புக்குப் பல வருஷ ஆயுள் கிடைத்தது. நம் ஊர்த் தையல்காரர்கள் காலரைப் பிரித்துத் திருப்பித் தைத்துக் கொடுத்ததும் இதே கணக்குதான். காலருக்கு இரண்டு முகம் உண்டு, கழுத்து தேய்ப்பது ஒன்றைத்தான்.

வங்காளத்துக் காந்தாவை இதன் அடுத்த படி என்று சொல்லலாம். இங்கே தேய்மானம் ஓரிடத்தில் இல்லை, பழம்புடவை முழுக்கவே மெலிந்திருக்கிறது. அதனால் பல மடிப்பை அடுக்கி நெருக்கமாக ஓட்டுத்தையல் போடுகிறார்கள். ஒவ்வொரு அடுக்கும் தனியாக இழுத்தால் கிழியும். தைத்தபின் சுமை எல்லா அடுக்குக்கும் பங்காகிறது. ஓர் அடுக்கில் கீறல் விழுந்தாலும் அது அடுத்த தையல் வரிசையில் பெரும்பாலும் தடுக்கப்பட்டு நிற்கும். நைந்த துணிகளைச் சேர்த்து நையாத துணி செய்யும் வித்தை இது. தைக்கும் வண்ண நூலைக்கூடப் பழம்புடவையின் கரையிலிருந்தே உருவி எடுத்த காலம் உண்டு. கலைப் பொருளாக அருங்காட்சியகத்தில் தொங்குவதற்கு முன்பே காந்தா நல்ல பொறியியலாக இருந்தது.

இனி, தேய்வதாலேயே கூடும் குணத்துக்கு வருவோம். புதுத் துண்டு வாங்கியவர்களுக்குத் தெரியும், முதல் சில நாள் அது உடம்பில் வழுக்கிக்கொண்டு போகும், ஈரத்தை எடுக்காது. காரணம், நெசவின்போது பாவு நூலுக்கு ஏற்றிய கஞ்சியும், கடைசியில் பளபளப்புக்கும் வழவழப்புக்கும் பூசிய வேதிப்பொருளும். செல்லுலோஸ் சங்கிலி நெடுக ஹைட்ராக்சில் தொகுதிகள் உண்டு, அவை நீர் மூலக்கூறைப் பிடித்து இழுப்பவை. பூச்சு அவற்றை மூடி மறைத்திருக்கிறது. துவைக்கத் துவைக்கப் பூச்சு கரைகிறது, முறுக்கு தளர்கிறது, நூலுக்குள் நுண்ணிய இடைவெளிகள் திறக்கின்றன, அவற்றின் வழியே நீர் தானாக ஏறுகிறது. பிறந்த குழந்தையைப் புதுத்துணியில் கிடத்தாமல் தாத்தாவின் பழைய வேட்டியைக் கிழித்து விரிப்பதற்கு ஆகிவந்த பழக்கம் என்பது மட்டும் காரணமல்ல. அந்தத் துணி அதன் வாழ்நாளிலேயே மிக மென்மையாகவும் மிக நன்றாக உறிஞ்சுவதாகவும் இருப்பது அப்போதுதான். ஒட்டியிருந்த பூச்சும் போயிருக்கும். குழந்தை அதை இழுத்துக் கிழித்துவிடப் போவதில்லை. போன வலு அங்கே தேவையே இல்லை.

இதே துணி அடுப்பங்கரைக்கு வந்தால் பிடிதுணி. நாலாக மடிக்கும்போது அடுக்குகளுக்கு நடுவே காற்று சிக்கிக்கொள்கிறது, சூட்டைத் தடுப்பது பெரும்பாலும் அந்தக் காற்றுதான். நீர் காற்றைப்போல 20 மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும் என்பதால் ஈரமான பிடிதுணியால் கொதிக்கும் குக்கரைத் தூக்கினால் கை வெந்துவிடும். பருத்தி உருகாது, கருகும். பாலியஸ்டர் சுமார் 255 டிகிரி செல்சியஸில் உருகி, உருகியது தோலில் ஒட்டிக்கொள்ளும். விளக்குத் திரிக்கும் பழைய பருத்தி வேட்டிதான் சரி. பாலியஸ்டர் கலந்த திரி, எண்ணெயை மேலே இழுப்பதற்குப் பதிலாக நுனியில் கட்டிதட்டிப் புகையும். ஈரம் ஏற்பதிலும் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். சாதாரணக் காற்றில் வைத்தால் பருத்தி தன் எடையில் 8 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் வாங்கிக்கொள்ளும், பாலியஸ்டர் அரை விழுக்காடுகூட வாங்காது. ஆகவே பழந்துணியை எந்த வேலைக்கு அனுப்புவது என்று முடிவு செய்யுமுன் அது எந்தத் துணி என்று தெரிய வேண்டும். பாவிலிருந்து ஒரு நூல், ஊடையிலிருந்து ஒரு நூல் உருவி, தண்ணீர்ப் பாத்திரத்துக்கு மேலே இடுக்கியில் பிடித்துக் கொளுத்தினால் போதும். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து, தொட்டால் பொடியும் சாம்பலாகும். பாலியஸ்டர் சுருங்கி, உருகி, நுனியில் கறுப்பு மணியாக இறுகும். கலப்புத்துணி இரண்டையும் காட்டும். இன்றைய வேட்டி, சட்டை பலவும் கலப்பு. பாட்டியின் யோசனைகள் இப்போது பலிக்கவில்லை என்றால் பாட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை, துணி மாறிவிட்டது.

பழந்துணி சுத்தமா என்ற கேள்வி நியாயமானது. ஈரத்தைப் பிடித்துவைக்கும் குணம் கிருமிக்கும் வசதிதான். சமையல்மேடையைத் துடைத்துச் சுருட்டிப் போட்ட துணியில் சில மணி நேரத்தில் பாக்டீரியா பெருகும். ஆனால் அதே துணிக்கு ஒரு சலுகையும் உண்டு. கொதிக்கும் நீரில் போட்டாலும் சுருளாது, உருகாது. பருத்தி இழை நனைந்தால் வலு கூடுமே தவிரக் குறையாது. கடையில் வாங்கும் ஸ்பாஞ்சை இந்தப் பாடு படுத்தினால் சீக்கிரம் பிய்ந்துவிடும். மாதவிடாய்த் துணியிலும் பிரச்சினை பழந்துணி என்பதால் வருவதைவிட, அதை மறைத்து நிழலில் காயவைக்கச் சொல்லும் வெட்கத்தால் வருவதுதான் அதிகம். 1999இல் அன்ஷு குப்தா தொடங்கிய கூஞ்ச் அமைப்பு, சேகரித்த பழைய பருத்தித் துணியைத் துவைத்துச் சுத்தம் செய்து மாதவிடாய்த் துணியாகத் தைத்துக் கொடுத்துவருகிறது. சோப்பும் தண்ணீரும் வெயிலும் கிடைக்காத இடத்தில் அதே துணி நோய்க்கு வழிவிடும். அப்படிப்பட்ட இடத்தில் பழந்துணியே போதும் என்று உபதேசிப்பது சரியல்ல.

துணியில் பலித்த தர்க்கத்தை அப்படியே பிளாஸ்டிக்குக்குக் கொண்டுபோனால் அடி சறுக்கும். விளிம்பு உடைந்த பிளாஸ்டிக் வாளியை மொட்டை மாடியில் செடித் தொட்டியாக்குவது வெகு பிரபலமான யோசனை. அந்த வாளி ஏன் உடைந்தது? அநேகமாக வெயிலாலும் வயதாலும். புற ஊதாக் கதிரும் ஆக்சிஜனும் சேர்ந்து பாலிப்ரொப்பிலீனின் சங்கிலியை வெட்ட, மேற்பரப்பு சுண்ணாம்பு பூத்ததுபோல் வெளுத்து, விரலால் தேய்த்தால் பொடி ஒட்டும். இந்த நிலையில் உள்ள வாளியை மாடியில் வைப்பது, எந்த எதிரியிடம் தோற்றதோ அவனிடமே மறுபடி அனுப்புவது. இரண்டு கோடையில் அது துண்டு துண்டாகி மண்ணில் கலக்கும். பிறகு அதைப் பொறுக்கி எடுக்க யாராலும் முடியாது. உடைந்த வாளிக்கு வீட்டுக்குள் வேலை கொடுங்கள், வெங்காயமோ விறகோ போட்டு வைக்கலாம். மாடிக்குக் கறுப்புத் தொட்டிதான் ஏற்றது. அதில் கலந்த கரித்தூள் புற ஊதாக் கதிரைத் தானே வாங்கிக்கொண்டு பிளாஸ்டிக்கைக் காக்கிறது. தண்ணீர் பாட்டிலும் இப்படித்தான். அந்த பெட் பிளாஸ்டிக் சுமார் 70 டிகிரியைத் தாண்டினாலே இளகிச் சுருங்கும். வெந்நீர் ஊற்ற அது ஆகாது. அதைவிடப் பெரிய ஆபத்து, அதில் மண்ணெண்ணெயும் பினாயிலும் ஆசிடும் ஊற்றி வைப்பது. பாட்டிலின் வடிவம் தேயவில்லை. "குடிக்கலாம்" என்று குழந்தைக்குச் சொல்வது அந்த வடிவம்தான். தெரியாமல் எடுத்துக் குடித்து மருத்துவமனைக்கு வரும் குழந்தைகள் இன்றும் உண்டு. தலைகீழாக, பூச்சிமருந்து டப்பாவைக் கழுவித் தண்ணீர் பிடிப்பதும் அதே அளவு தவறு. பிளாஸ்டிக் சுவருக்குள் ஊறிய மருந்து கழுவினால் போகாது.

செய்தித்தாளில் மடித்த பஜ்ஜியையும் இந்தக் கேள்வியால் சோதித்துப் பார்க்கலாம். படித்து முடித்த தாளில் தீர்ந்துபோனது செய்தி மட்டும்தான். மை அப்படியே இருக்கிறது. மையில் உள்ள கனிம எண்ணெயும் நிறமிகளும் சூடான பஜ்ஜி எண்ணெயில் சுலபமாகக் கரையும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இல் இதை எச்சரித்து, 2018ஆம் ஆண்டின் பொதியல் விதிகளில் உணவை மடிக்கச் செய்தித்தாளைப் பயன்படுத்துவதைத் தடையே செய்துவிட்டது. அலமாரித் தட்டில் விரிக்க, கண்ணாடி துடைக்க, ஈரச் செருப்புக்குள் திணிக்க அதே தாள் பிரமாதமாக உதவும்.

இவ்வளவு யோசிப்பானேன், எல்லாவற்றையும் மறுசுழற்சிக்குப் போட்டுவிடலாமே என்று ஒருவர் கேட்கலாம். உலோகத்துக்கு அந்தப் பதில் சரி. ஓட்டை விழுந்த அலுமினியக் குண்டானை உருக்கினால் அலுமினிய அணுக்களுக்கு எந்தக் குறையும் வருவதில்லை. தாதுவிலிருந்து எடுக்க ஆகும் ஆற்றலில் ஏறத்தாழ 5 விழுக்காட்டில் உலோகம் மறுபடி கிடைத்துவிடும். பழைய இரும்புக் கடைக்குப் போடுவதில் குற்ற உணர்வு வேண்டியதில்லை. துணியின் கதை வேறு. அதன் மதிப்பு செல்லுலோஸில் மட்டும் இல்லை. நீளமான இழை, அதற்கு ஏற்றிய முறுக்கு, பாவும் ஊடையுமாகப் பின்னிய நெசவு என்று அடுக்கடுக்காக ஏற்றிய ஒழுங்கில் இருக்கிறது. இங்கிலாந்தின் பாட்லி ஊரில் பெஞ்சமின் லா 1813இல் பழைய கம்பளித் துணியைப் பிய்த்து மறுபடி நூற்கும் முறையைக் கொண்டுவந்தார். ஷாடி என்ற அந்தத் துணி மலிவானது, ஆனால் பிய்க்கும்போதே இழை அறுந்து குட்டையாவதால் வலுக் குறைவு. திருப்பூர், கோவை வட்டாரத்தில் பனியன் கட்டிங் வேஸ்ட்டைப் பிய்த்து நூலாக்கும் ஓ.இ. (ஓப்பன் எண்ட்) மில்களிலும் இதே இயற்பியல்தான். குட்டை இழையைக் கொண்டு நூற்கத் தோதானது ஓ.இ. எந்திரம். ஆனாலும் கிடைப்பது பெரும்பாலும் தடித்த நூல், போர்வைக்கும் மிதியடிக்கும் ஆகும், மெல்லிய வேட்டிக்கு ஆகாது. அந்த மில்கள் வெட்டுத்துண்டை எடுத்துக்கொள்வது மிக நல்ல காரியம். ஆனால் நெசவு குலையாத முழு வேட்டியைப் பிய்க்கக் கொடுப்பது, நெய்தவரின் உழைப்பையும் சேர்த்துப் பிய்ப்பதாகும். சுவிஸ் கட்டடக் கலைஞர் வால்டர் ஸ்டாஹெல் 1976இல் ஜெனிவீவ் ரெடேயுடன் ஐரோப்பிய ஆணையத்துக்கு எழுதிய அறிக்கை தொட்டு வாதாடிவருவது இதைத்தான். முடிந்தவரை சிறிய தலையீடு போதும். சரிசெய்யக் கூடியதைப் பிரித்துக் கட்டாதே, பிரித்துக் கட்டக் கூடியதை உருக்காதே.

அடுத்த ஆட்சேபம் கொஞ்சம் கடுமையானது. ஒரு பிடிதுணியும் நாலு திரியும் உலகத்தை மாற்றிவிடுமா? மாற்றாது. ஆனாலும் அளவைச் சரியாகப் பார்க்க வேண்டும். உலகச் சராசரியில் ஒரு கிலோ பருத்தித் துணிக்குப் பின்னால் சுமார் 10,000 லிட்டர் நீர் இருக்கிறது. மழை, பாசனம், கழிவை நீர்க்கச் செய்ய ஆகும் நீர் எல்லாம் சேர்த்த கணக்கு. கால் கிலோ துணி வாங்காமல் விட்டால் 2,500 லிட்டர். கவனிக்க: மிச்சம் வருவது வாங்காமல் விட்டதால்தான், பழையதைப் பயன்படுத்தியதால் அல்ல. பழந்துணியில் பை தைத்தபின் கடையில் புதுப்பையும் வாங்கினால் மிச்சம் பூஜ்யம். டென்மார்க் சுற்றுச்சூழல் அமைப்பு 2018இல் வெளியிட்ட ஆய்வு இதைக் கூர்மையாகக் காட்டியது. சாதாரண பிளாஸ்டிக் கடைப்பைக்கு ஈடாக வேண்டுமானால், வெப்பமாதல் என்ற ஒரு கணக்கில் மட்டும் புதுப் பருத்திப் பையை 52 முறையாவது பயன்படுத்த வேண்டும். இயற்கை வேளாண் பருத்தி என்றால் 149 முறை. எல்லாச் சூழல் கணக்கும் பார்த்தால் எண் ஆயிரங்களுக்குப் போகிறது. அந்த ஆய்வு தெருவில் எறிந்த பிளாஸ்டிக்கின் கேட்டைக் கணக்கில் எடுக்கவில்லை. சாக்கடை அடைப்பும் மாட்டின் வயிற்றில் பிளாஸ்டிக்கும் அன்றாடக் காட்சியாக உள்ள நமக்கு அது பெரிய விடுபடல். அதனால் தமிழ்நாட்டில் 2019 ஜனவரியில் வந்த பிளாஸ்டிக் தடையையும், 2021 டிசம்பரில் தொடங்கிய "மீண்டும் மஞ்சப்பை" இயக்கத்தையும் இந்த எண்களை வைத்துக் கேலி செய்ய முடியாது. ஆனால் கல்யாண வீடுகளில் கொடுக்கும் தாம்பூலப் பைகள் பீரோவுக்கு மேல் மடிப்புக் கலையாமல் சேர்ந்துகிடக்கின்றனவே, அவற்றில் எத்தனை 52 முறை சந்தைக்குப் போயிருக்கும்? பழைய வேட்டியில் தைத்த பைக்கு இந்தக் கணக்கே கிடையாது. அதற்காக யாரும் புதுப்பருத்தி விதைக்கவில்லை. முதல் நடையிலேயே அது லாபம்தான்.

பாட்டிலில் ஜிகினா ஒட்டிப் பூச்சாடி, சிடியில் சுவர்த் தொங்கல் என்று பள்ளிகளில் செய்யச் சொல்லும் கைவினைகள் இந்தச் சோதனையில் தேறுவதில்லை. யாரும் வாங்க நினைத்திராத ஒரு பொருளை, புதிதாக வாங்கிய பசை, பெயின்ட், ஜிகினாத் தாள் கொண்டு செய்கிறோம். செய்தபின் பாட்டிலைக் காயலான் கடைக்காரரும் எடுத்துக்கொள்ள மாட்டார். குழந்தைக்குக் கைவேலை பழகும் என்றால் சரி, அதற்குச் சூழல் காப்பு என்று பேர் வைக்க வேண்டாம்.

உழைப்பு யாருடையது என்பதையும் பேசியாக வேண்டும். ஸ்டாஹெலின் வாதம், ஆற்றலுக்குப் பதில் மனித உழைப்பைப் பயன்படுத்தலாம் என்பது. வீட்டுக்குள் அந்த உழைப்பு கூலியில்லாத பெண்ணுழைப்பாகவே இருந்துவந்திருக்கிறது. பிரிட்டிஷ் அரசு 1943இல் வெளியிட்ட "மேக் டூ அண்ட் மெண்ட்" கையேடும் இல்லத்தரசிகளைப் பார்த்துத்தான் பேசியது. மணிக்கணக்கில் உட்கார்ந்து தைக்கச் சொல்லும் யோசனையைவிட, கிழித்து மடித்தாலே வேலைக்கு ஆகும் யோசனை மேல். அதற்கு மேற்பட்டதைத் தெருமுனைத் தையல்காரரிடம் காசு கொடுத்துச் செய்துகொள்ளலாம். புதுத்துணி வாங்காவிட்டால் நெசவாளி என்ன செய்வார் என்று கேட்பவர்களுக்கும் இதில் ஒரு பகுதி விடை உண்டு. பத்து மலிவுச் சட்டையின் காசில் நீடித்து உழைக்கும் இரண்டை வாங்கி, பழுது பார்த்து உடுத்துவதால் கைத்தறிக்கு இழப்பில்லை.

கடைசியாக, பழையதை விடாமல் வைத்திருப்பதே தவறாகும் ஓர் இடம் உண்டு. துணியும் பாத்திரமும் அலமாரியில் சும்மா இருக்கும்போது எதையும் தின்பதில்லை. மின்சாதனம் ஓடும் ஒவ்வொரு மணி நேரமும் தின்கிறது. பழைய சீலிங் ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும், இன்றைய பி.எல்.டி.சி. ஃபேன் அதே காற்றை 30 வாட்டில் தரும். நாளுக்கு 12 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் ஓடினால் வித்தியாசம் 162 யூனிட். புது ஃபேன் செய்ய ஆகும் ஆற்றலையும் எதிரே வைத்துப் பார்ப்போம். உருக்கி எடுக்க மிக அதிக மின்சாரம் தின்னும் உலோகங்களில் ஒன்று அலுமினியம், கிலோவுக்கு ஏறக்குறைய 15 யூனிட். ஃபேன் முழுவதும் புது அலுமினியம் என்றே வைத்துக்கொண்டாலும் 4 கிலோவுக்கு 60 யூனிட்தான் வருகிறது. மற்ற தயாரிப்புச் செலவு அதைப்போல இரண்டு மூன்று மடங்கு ஆனால்கூட ஓரிரு ஆண்டில் கணக்குத் தீர்ந்துவிடும். தாத்தா காலத்து ஃபேன் இன்னும் நன்றாகச் சுற்றுகிறதே என்பது உண்மைதான். அதைக் கழற்றி விருந்தினர் அறையிலோ வாடகை வீட்டிலோ மாட்டினால் அங்கேயும் அது 75 வாட்தான் இழுக்கும். பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிவிடுங்கள். உள்ளே செம்புச் சுருள் இருந்தால் நல்ல விலையே கிடைக்கும்.